அப்பாவின் கடைசி ஷூ சீசன்

ராஜகீழ்ப்பாக்கம்,
ஜூலை 13, ஞாயிறு மதியம்.

அன்பு மகன் ஜோஸ்வினுக்கு அம்மா எழுதுவது. தேவ கிருபையால் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடும் வாய்ப்பேச்சோடும் நன்றாக இருக்கிறோம், என்னுடைய சர்க்கரையும் அவருடைய கோபமும் டாக்டர் சொன்ன அளவுக்குள்தான் இருக்கின்றன. நீயும் அந்த டப்ளின் மழையில் நனையாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன், பிளஸ்ஸியின் பெயர் இரண்டாவதுதான், இதை உன் அக்காவிடம் சொல்லிவிடாதே. வாராவாரம் வீடியோவில் பார்க்கிறோமே, இப்போது எதற்கு இத்தனை பக்கக் கடிதம் என்று நீ கேட்பாய். வீடியோவில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றிய பேச்சை அவரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், வாட்ஸப்பில் நான் எழுதிய ஒரு செய்தி என்ன பாடு படுத்தியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன், டீச்சர் கையெழுத்து, உனக்குப் புரியும்.

முதலில் உன் பார்சல் கதை. நீ அங்கே உட்கார்ந்து போனைத் தட்டி இங்கே அனுப்பிவைத்தாயே கால் பிடித்துவிடும் மெஷின், அது வந்து சேர்ந்தது. அப்பா ஒரே ஒரு நாள் அதற்குள் காலை விட்டார், அது பிடித்த பிடியில் என்னைக் கூப்பிட்டுக் கத்தி, சுவிட்சை அணைக்கச் சொல்லி, "ஊரார் காலையெல்லாம் நான் பிடிச்சேன், என் காலப் பிடிக்க இவன் போலீஸ அனுப்பியிருக்கான்" என்றார். அதற்கு முந்தி வந்த, எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற பெட்டியில் நான் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன், கெடாமல் இருக்கிறது, நன்றி. எதிர்வீட்டு லோகநாயகிக்கு வாரத்துக்கு ஆறு பார்சல் வருகிறது, அதில் நான்கு திரும்பிப் போகிறது. அந்தத் திருப்பி அனுப்புகிற வேலைக்குத்தான் எங்கள் மகன் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறான் என்று நான் ஒரு நாள் அவளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து தன் பார்சல் தாமதமானால் என்னிடம்தான் வந்து புகார் சொல்கிறாள். சர்ச்சில் யாராவது விசாரித்தால் அப்பா "பையன் ஐடி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். வீட்டில் மட்டும், "என் வாயில மண்ணப் போடுற வேலதான், ஆனா நல்லா போடுறானாம், புரமோஷன்லாம் குடுக்குறாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள், உனக்கு வயது முப்பத்தொன்று ஆகிறது, பெண் பார்ப்பதையும் போனில் தட்டி முடித்துவிடலாம் என்று இருந்துவிடாதே, அதில் பத்து நாளில் திருப்பி அனுப்புகிற வசதி கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் ஷூ செக்‌ஷனை ஜூன் முப்பதாம் தேதியோடு மூடிவிட்டார்கள். நீ போனில் கேட்டபோதெல்லாம் "ஓடுதுப்பா" என்று அவர் சொன்னாரே, அது கடை ஓடவில்லை, அவர்தான் கேள்விக்குப் பயந்து ஓடினார். சண்முகம் சாலை வைத்தீஸ்வரன் ஸ்டோர்ஸ் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நீ கடைசியாக வந்து போன இந்த மூன்று வருஷத்தில் என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். கீழே பாத்திரமும் பிளாஸ்டிக்கும், முதல் மாடியில் ஜவுளி, இரண்டாம் மாடியில் ரெடிமேடும் பள்ளிக்கூட யூனிபார்மும் அப்பாவின் ஷூவும், மூன்றாம் மாடியில் கட்டில் பீரோ என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியது அத்தனையும் ஒரே படிக்கட்டில் கிடைத்த கடை. ஊரப்பாக்கத்திலிருந்துகூட ரயில் ஏறி வருவார்கள். கட்டிலும் பீரோவும் போனில் கிடைக்க ஆரம்பித்ததும் மூன்றாம் மாடியை ஜிம்முக்கு வாடகைக்கு விட்டுவிட்டார் முதலாளி. காலையிலிருந்து இரும்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிற சத்தம், கீழே அப்பா பிள்ளைகளின் காலுக்கு அளவு பார்க்கும்போது டொம் டொம் என்று விழும், சின்னப் பிள்ளைகள் பயந்து காலை இழுத்துக்கொள்ளும். அவர்தான் மேலே கையைக் காட்டி, "பயப்படாத கண்ணு, மேல மாமாங்க உடம்பு வளக்குறாங்க" என்பார்.

உங்கள் அப்பா அளவு பார்க்கிற விதம் உனக்கு மறந்திருக்காது, உன் காலிலேயே பன்னிரண்டு வருஷம் பார்த்தவர்தானே. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, ஷூவை மாட்டி, முன்னால் கட்டை விரலை வைத்து அழுத்துவார். அவருடைய ஒரு கட்டை விரல் அளவுக்கு இடம் இருந்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். அதோடு விடமாட்டார், கண்ணாடி வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொல்லி, பின்னாலிருந்து குதிகாலைப் பார்ப்பார். குதிகால் தூக்கினால் எவ்வளவு பிடித்திருந்தாலும் பிள்ளை அழுதாலும் கழற்றிவிடுவார். பிள்ளையைப் பெற்றவர்கள் ஷூவின் விலையைப் பார்ப்பார்கள், இவர் நடையைப் பார்ப்பார், இதனால் எத்தனை வியாபாரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மூன்று வருஷமாக வேறொரு பழக்கம் வந்துவிட்டது. குடும்பத்தோடு மாடியேறி வருகிறார்கள், ஏழெட்டு ஜோடி போட்டுப் பார்க்கிறார்கள், நடந்து பார்க்கிறார்கள், அப்புறம் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற நம்பரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வர்றோம் அங்கிள்" என்று படியிறங்கிவிடுகிறார்கள். யோசிப்பது எங்கே என்று கேட்கிறாயா, படிக்கட்டிலேயே யோசித்து அங்கேயே ஆர்டரும் போட்டுவிடுகிறார்கள்.

ஏப்ரல் மாதக் கடைசியில் முதலாளி வைத்தீஸ்வரன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லி என்ன, ஒரு மாடிக்குக் கரண்ட் கட்டணமே அவரை விழி பிதுங்க வைக்கிறது. இரண்டாம் மாடியை ஒரு கோச்சிங் சென்டர்காரர்கள் கேட்கிறார்கள், யூனிபார்மை முதல் மாடிக்கு இறக்கிக்கொள்ளலாம், ஷூவுக்குத்தான் இடமில்லை என்றார். அப்பா நகராமல் அங்கேயே நின்றிருக்கிறார். அதைப் பார்த்து முதலாளிக்கே மனது கேட்காமல், "சரி அசரியா, ஸ்கூல் தொறக்குற வரைக்கும் பாக்கலாம். இந்த சீசன்ல நானூறு ஜோடி போச்சுன்னா நான் அவங்கள வேற இடம் பாக்கச் சொல்லிடுறேன்" என்றாராம். ஒரு காலத்தில் ஜூன் முதல் வாரத்தில் மட்டும் ஆயிரம் ஜோடி போன செக்‌ஷன். அப்பா வீட்டுக்கு வந்து நானூறு, நானூறு என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்து எழுந்த இடம். அது போனால் என்ன செய்வார் என்று எனக்கு உள்ளூர நடுக்கம், அவருக்கு அதைவிட அதிகம், இரண்டு பேரும் காட்டிக்கொள்ளாமல் கத்திரிக்காயின் விலையைப் பற்றிப் பேசினோம்.

இங்கேதான் உன் அம்மாவின் மூளை வேலை செய்தது. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு ஒரு விளம்பரம் எழுதத் தெரியாதா என்று, எங்கள் சர்ச் மகளிர் ஐக்கிய வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். அதை அப்படியே தருகிறேன், படித்துக்கொள். "அன்பான சகோதரிகளே, பள்ளிகள் திறக்கப்போகின்றன. பிள்ளைகளின் கால் அளவைச் சரியாகப் பார்த்து ஷூ வாங்குவது அவசியம். சண்முகம் சாலை வைத்தீஸ்வரன் ஸ்டோர்ஸ் இரண்டாம் மாடியில், இருபத்தொன்பது வருட அனுபவமுள்ள என் கணவர், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இலவசமாக அளவு பார்த்துக் கொடுப்பார். வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை." போடுவதற்கு முன்னால் பிளஸ்ஸிக்குப் படித்துக் காட்டினேன். அவள் முடிச்சூரிலிருந்து போனிலேயே, "அம்மா, அந்தக் கடைசி வரிய எடுத்துடுங்கம்மா" என்றாள். நான் எடுக்கவில்லை. ஆராதனைக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டு அசரியா குடும்பம் தலையில் கட்டுகிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை. நாகரிகம் தெரிந்த பெண் அப்படித்தான் எழுதுவாள் என்று அவளுக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனை வைத்தேன்.

மே பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடையில் நீ இருந்திருக்க வேண்டும். செய்தி எங்கள் குழுவோடு நிற்கவில்லை, சேலையூர், முடிச்சூர் அபார்ட்மென்ட் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டது. இரண்டாம் மாடியில் தொடங்கிய வரிசை படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே பக்கெட் அடுக்கியிருக்கிற இடம் வரைக்கும் நின்றது. உங்கள் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளைகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, எங்கள் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நூற்று நாற்பது பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மண்டியிட்டு, விரல் வைத்து, நடக்கவிட்டு, துண்டுச் சீட்டில் சைஸ் எழுதிக் கொடுத்தார். சீட்டு தீர்ந்துபோய், கீழே பில் போடுகிற ராகவேந்திராவிடம் பில் காகித உருளையையே வாங்கிவந்து கிழித்துக் கிழித்து எழுதினார். எல்லோரும் சீட்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்று படியிறங்கினார்கள். ஒரு அம்மா பெட்டியை நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள், போட்டோ மங்கலாக வருகிறதாம். அவரும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அன்றைக்கு விற்றது ஒன்பது ஜோடி.

வீட்டுக்கு வந்ததும், நீ போட்ட செய்தியைக் காட்டு என்று என் போனைக் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஒரு எழுத்துப்பிழை இல்ல" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான்கு நாள் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் தவிர பேச்சில்லை. வீங்கின முழங்காலுக்கு நான் தைலம் தேய்த்தேன், காலை நீட்டிக் காட்டினார். ஆனாலும் கடைக்குப் போய் ஒருவரையும் விடாமல் பேசிப் பேசி விற்றார், பழைய வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார், உங்கள் அப்பா ஒருவரிடம் வியாபாரத்துக்காகப் போன் போட்டதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மே முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை அன்று கணக்கு முந்நூற்று அறுபத்தொன்று. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. இன்னும் முப்பத்தொன்பது ஜோடி, கையில் இருப்பது இரண்டு நாள்.

சனிக்கிழமை காலையில் நான் சாப்பாட்டுக் கூடையோடு அவருடனேயே கடைக்குப் போயிருந்தேன், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், பையனை இழுத்துக்கொண்டு, கையில் பார்சல் பெட்டியோடு மாடியேறி வந்தாள். "அங்கிள், நீங்க எழுதிக் குடுத்த சைஸ் தப்பு, கழண்டு கழண்டு வருது" என்றாள். அப்பா முகம் கறுத்துப்போய்விட்டது. இருபத்தொன்பது வருஷத்தில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை. சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், அவர் எழுதியது பன்னிரண்டு. பெட்டியைப் பார்த்தார், பதின்மூன்று. கேட்டால், "அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டுமேன்னு ஒண்ணு கூட்டிப் போட்டேன் அங்கிள்" என்கிறாள். அப்பா, "அடுத்த வருஷத்தையும் சேத்துத்தாம்மா நான் பன்னெண்டு எழுதினேன்" என்றார். அவள் ஒருத்தி என்று நினைத்தால், பதினொரு மணிக்குள் நாற்பத்தேழு குடும்பம். முக்கால்வாசிப் பேர் ஒன்று கூட்டி வாங்கினவர்கள். மீதிப் பேருக்கு வேறு கம்பெனி ஷூ, அதில் பன்னிரண்டு என்றால் நம்முடைய பதினொன்றரைதான் வரும்போல, பிள்ளைக்கு விரல் மடங்குகிறது. திருப்பி அனுப்பி வேறு வருவதற்கு எட்டு நாள் ஆகுமாம், உங்கள் டிபார்ட்மென்ட் வேலைதானே, நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் துப்பட்டாவுக்குள் ஒரு பெட்டியை மறைத்துக்கொண்டு, ஏழு வயது ஜெமிமாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று பார்த்தால், உன் அக்கா. சொந்தப் பேத்திக்கே போனில் ஷூ. அப்பா கோபப்படவில்லை, "வாம்மா, நீயும் வரிசையில நில்லு" என்றார். பிளஸ்ஸியின் முகம் போன போக்கை நீ பார்த்திருந்தால் ஒரு வருஷத்துக்கு அவளைக் கிண்டல் செய்ய விஷயம் கிடைத்திருக்கும்.

நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டியது முப்பத்தொன்பது, கர்த்தர் நாற்பத்தேழை மாடியேற்றி அனுப்பியிருக்கிறார், எல்லோருக்கும் திங்கட்கிழமை ஷூ வேண்டும், அலமாரி நிறைய சரக்கு இருக்கிறது. அப்போது உங்கள் அப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்று, "எல்லாரும் கொண்டுவந்த ஷூவ வெளிய எடுத்து, அவங்கவங்க முன்னாடி வைங்க. பெரிசா இருக்குறவங்க இந்தப் பக்கம், சின்னதா இருக்குறவங்க அந்தப் பக்கம்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை, புரிந்ததும் சாக்ஸ் மாட்டியிருக்கிற ஸ்டாண்டுக்குப் பின்னால் அவரை இழுத்துக்கொண்டு போனேன். என்னங்க செய்கிறீர்கள், இவர்களுக்குள்ளேயே மாற்றிக்கொடுத்துவிட்டால் நம்மிடம் யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "அவங்க ஒரு தடவ காசு குடுத்தாச்சு தபீதா. ரெண்டாவது தடவ எப்படிக் கேப்பேன்" என்றார். உங்கள் செக்‌ஷன் என்ன ஆகும் என்று கேட்டேன். "என் வேல ஷூ காலுக்குச் சேருதான்னு பாக்குறது. பில் போடுறது ராகவேந்திரா வேல" என்று சொல்லிவிட்டுப் போய் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணி நேரம். இந்தப் பிள்ளையின் பதின்மூன்றை அந்தப் பிள்ளைக்கு, அந்தப் பிள்ளையின் பன்னிரண்டை இன்னொரு பிள்ளைக்கு என்று ஒவ்வொன்றாக மாட்டி, நடக்கவிட்டு, குதிகால் பார்த்து மாற்றினார். என்னுடையது ஆயிரத்துக்கு வாங்கினது, அவளுடையது அறுநூறுதான், நான் எப்படி மாற்றுவேன் என்று இரண்டு அம்மாக்களுக்குச் சண்டை வந்தது, அப்பா நடுவில் போய், "ரெண்டும் மழையில நனைஞ்சா ஒரே மாதிரிதாம்மா ஆகும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். நடுவில் முதலாளி மாடியேறி வந்தார். நாற்பது பேர் நிற்பதைப் பார்த்து முதலில் அவருக்கும் சந்தோஷம்தான், "என்ன அசரியா, வியாபாரம் தூள் பறக்குதா" என்று கேட்டார். அப்பா தலை நிமிராமல், "வியாபாரம் இல்ல சார்" என்றார். முதலாளி கொஞ்ச நேரம் சுவரோரமாக நின்று பார்த்துவிட்டு, கீழே போய்விட்டார். கடைசியில் எந்த மாற்றலுக்கும் சேராமல் நின்றது ஆறு பிள்ளைகள், அந்த ஆறு பேர் மட்டும் நம்மிடம் வாங்கினார்கள். முந்நூற்று அறுபத்தேழு. மறுநாள் ஞாயிறு முழுக்க மழை, படிக்கட்டில் ஒரு ஈரக்கால் தடம்கூட விழவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் நானும் போனேன். மீதிச் சரக்கைக் கம்பெனிக்கே அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டார்கள். அப்பா அந்த உட்காரும் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார், கோச்சிங் சென்டர்காரர்கள் அதைத் தூக்கி எறியப்போகிறார்கள், அதைப் போய்த் துடைக்கிறீர்களே என்று கிண்டலாகக் கேட்டேன். நிமிர்ந்தார், அழுதுகொண்டிருந்தார். ஜோஸ்வின், உன் தாத்தா இறந்தபோதுகூட நாலு பேர் முன்னால் அழாத மனுஷர். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், மேலே ஜிம்காரர்கள் இரும்பைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலாளி கைவிட்டுவிடவில்லை, ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து அப்பாவுக்குக் கீழே பிளாஸ்டிக் பிரிவில் வேலை, அதே சம்பளம். உங்கள் அப்பா இப்போது பக்கெட் விற்கிறார். ஒரு அம்மா குப்பைக்கூடை கேட்டால், வீட்டில் எத்தனை பேர், எந்த மூலையில் வைப்பீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறாராம், ராகவேந்திரா சொல்லிச் சிரித்தான்.

அந்த ராகவேந்திரா சொன்ன இன்னொரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், இத்தனை பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். இந்த ஆறு வாரமாக நான் உங்கள் அப்பாவைச் சும்மா விடவில்லை. உங்கள் செக்‌ஷனை உங்கள் கையாலேயே மூடிக்கொண்டீர்கள், நாற்பத்தேழு பேரை வைத்துக்கொண்டு ஊழியம் செய்தீர்கள் என்று சொல்லிக்காட்டியிருக்கிறேன், பிளஸ்ஸி முன்னால்கூடச் சொன்னேன். ஒரு தடவைகூட அவர் "உன் செய்தியாலதான்" என்று என்னைத் திருப்பிச் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை பில் கவுன்டரில் நான் நிற்கும்போது ராகவேந்திரா, "அசரியா சார் அன்னைக்கு முதலாளி கேபின்ல அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம் மேடம்" என்றான். என்னவென்று கேட்டேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார், ராகவேந்திரா கணக்குப் புத்தகத்தோடு அங்கே நின்றிருக்கிறான். என் செய்தி எப்படியோ சுற்றி முதலாளி வீட்டம்மா போனுக்கும் வந்திருக்கிறது. "உன் வீட்டுக்காரம்மா விஷயம் தெரியாம எழுதிட்டாங்கன்னா சொல்லு, அந்த ஒரு நாள் கூத்த கணக்குல சேக்காம கிறிஸ்மஸ் வரைக்கும் செக்‌ஷன ஓட்டிப் பாக்கலாம்" என்று முதலாளியே வழி காட்டியிருக்கிறார். அப்பா அதற்கு, "இல்ல சார், நான் சொல்லித்தான் அவங்க எழுதினாங்க. அந்தக் கடைசி வரி நான் போடச் சொன்னது" என்று சொல்லிவிட்டார். "விக்கிற ஆளே வாங்க வேணாம்னு எழுதச் சொன்னா நான் என்னய்யா பண்ண" என்று முதலாளி பேனாவை மூடிவிட்டாராம். ஆறு மாதம். கிறிஸ்மஸ் வரைக்கும் இருந்திருக்கலாம். ஊர் முழுக்கப் போன செய்தியில் என் பெயருக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று அதை விட்டுக்கொடுத்துவிட்டு வந்து, என் கையால் சாப்பிட்டு, என் வாயால் திட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வியாழனிலிருந்து மூன்று நாளாக அவரிடம் இதைப் பேச வாய் வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் அடுத்தவர் பிள்ளைகளை மன்னிப்புக் கேள் என்று நிற்கவைத்தவளுக்கு, தனக்கென்று வரும்போது ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. உனக்கு எழுதி முடித்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன். மேலே உள்ளதை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். அப்பா ஹாலில் பாயைப் போட்டுப் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ராகவேந்திரா சொன்னான், எனக்காக முதலாளியிடம் பொய் சொன்னீர்களா என்று கேட்டேன், கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "அது பொய்யில்ல தபீதா. நீ என்னைக் கேட்டுட்டு எழுதியிருந்தாலும், அந்தக் கடைசி வரிய நானே போடச் சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை, ஜோஸ்வின். பேப்பருக்கு இந்தப் பக்கம் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, இதோ வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

உன்னைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்ற தைரியத்தில்தான் நான் இங்கே உறங்குகிறேன். உன் போக்கிலும் வரத்திலும் அவர் துணை இருக்கட்டும், உன் கை வேலை ஆசீர்வதிக்கப்படட்டும், அந்தக் கையால் திருப்பி அனுப்பும் வேலை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் நடக்கட்டும். டிசம்பரில் வருவதற்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் விலை ஏறிவிட்டது என்று சாக்குச் சொல்லாதே. பால் குடி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இந்தக் கடிதம் வந்தது என்று மூச்சு விடாதே, பக்கெட் வியாபாரம் எப்படி என்று மட்டும் கேள், அரை மணி நேரம் பேசுவார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
தபீதாள் அசரியா.